பொன்னான ஒரு மணி நேரம் யாருக்குச் சொந்தம்?

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை. தில்லியின் புறநகர்ச் சாலையொன்றில், உணவு விநியோகம் செய்யும் இளைஞர் ஒருவரின் இருசக்கர வாகனத்தை ஒரு லாரி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் சென்றது. பேருந்துக்காகக் காத்திருந்த நாங்கள் நான்கைந்து பேர் ஓடினோம். ஒருவர் தோள்களைப் பிடித்தார். மற்றொருவர் இடுப்பைத் தாங்கினார். நான் கால்களைப் பிடித்தேன். தலையை யாரும் பிடிக்கவில்லை. தொங்கிய தலையோடு அவரை ஓர் ஆட்டோவின் பின்னிருக்கையில் மடக்கிக் கிடத்தினோம். ஆட்டோ விரைந்து மறைந்தது. அவர் பிழைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில வாரங்கள் கழித்து, தனியார் மருத்துவமனையொன்றில் செவிலியராகப் பணியாற்றும் தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் எங்களைக் குறை கூறவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டார். "தலையை யார் பிடித்தீர்கள்? ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. கழுத்தெலும்பு முறிந்திருந்தால், நாங்கள் தூக்கிய விதமே தண்டுவடத்தைச் சேதப்படுத்தியிருக்கக்கூடும் என்று விளக்கினார். பிறகு தன் கதையைச் சொன்னார். விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முன் காப்பது எப்படி என்ற உயர்நிலைப் பயிற்சியை அவர் பெற்றிருக்கிறார். கட்டணத்தைத் தன் ஊதியத்திலிருந்து கட்டினார். பயிற்சிக்குச் சென்ற நாட்கள் ஊதியமில்லா விடுப்பாகக் கழிந்தன. சான்றிதழ் நான்கு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். மீண்டும் பணம் கட்ட வேண்டும். அவரது பணியோ மருத்துவமனையின் உள்ளே. அதே நிறுவனத்தின் ஆம்புலன்சில் ஏறிச் சாலைக்கு வரும் ஊழியருக்கு அந்தப் பயிற்சியை எவரும் அளிக்கவில்லை.

சாலையில் கைபிசைந்து நின்ற எங்களையும், தன் காசில் கற்றுக்கொண்டும் கற்றதைப் பயன்படுத்த இடமில்லாத அந்தத் தோழரையும் ஒரே கேள்வி இணைக்கிறது. காயமடைந்தவரின் முதல் ஒரு மணி நேரத்துக்கு இந்நாட்டில் யார் பொறுப்பு?

சட்டத்தில் ஏறிய சொல்

'கோல்டன் அவர்' என்ற தொடரை, மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில், பலமுறை தமிழாக்கியிருக்கிறேன். 'பொன்னான நேரம்' என்று எழுதுவதே வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் மேரிலாந்தில் பணியாற்றிய ஆடம்ஸ் கௌலி என்ற அறுவை மருத்துவர் பரப்பிய கருத்து இது. அறுபதாவது நிமிடத்தில் ஏதோ ஒரு கதவு மூடிக்கொள்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ரத்தம் இழந்துகொண்டிருக்கும் உடலுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு என்பதே பொருள்.

இந்தச் சொல் நம் நாட்டின் சட்டத்திலும் ஏறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், படுகாயம் ஏற்பட்டதை அடுத்த ஒரு மணி நேரம் என்று அதை வரையறுத்தது. அந்த நேரத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டணமின்றிச் சிகிச்சையளிக்க ஒன்றிய அரசு ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்று 162 ஆவது பிரிவு கட்டளையிட்டது. அந்தத் திட்டம் எளிதில் வந்துவிடவில்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 ஜனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் கெடு விதித்த பிறகே, அவ்வாண்டு மே மாதம் திட்டம் அறிவிக்கப்பட்டது. விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்.

இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் இத்திட்டத்தின் பணம் மருத்துவமனையின் வாசலில்தான் தொடங்குகிறது. பொன்னான நேரத்தின் பெரும்பகுதி அந்த வாசலுக்கு வெளியே, தார்ச்சாலையிலும் வண்டியிலும் கழிந்துவிடுகிறது. அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரை வழக்குத் தொல்லையிலிருந்து 134ஏ பிரிவு காக்கிறது. அவருக்கு 25,000 ரூபாய் பரிசும் அறிவித்திருக்கிறார்கள். எப்படித் தூக்குவது என்று கற்றுத்தரும் ஏற்பாடு எங்கே? 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலை போட முடிந்த அரசுகளால், அந்தச் சாலையில் விழுந்தவனின் தங்க நேரத்துக்கு ஆள் போட முடியவில்லை.

சாலையில் சாவது யார்?

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். மணிக்கு 19 பேர். இவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயது வரையிலான, உழைக்கும் வயதினர். வேலைக்குச் செல்பவர், வேலை முடிந்து திரும்புபவர், சாலையையே பணியிடமாகக் கொண்ட விநியோகத் தொழிலாளி, நெடுஞ்சாலையைக் கடக்கும் விவசாயத் தொழிலாளி ஆகியோரின் மரணக் கணக்கு இது. சாரம் சரிந்து விழும் கட்டுமானத் தொழிலாளியும், இயந்திரத்தில் கை நசுங்கும் ஆலைத் தொழிலாளியும் இதில் சேரவில்லை. அவர்களுக்கும் முதல் ஒரு மணி நேரம் அதே ஒரு மணி நேரம்தான்.

பயிற்சி கற்பிப்பது என்ன?

1976 இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்தின் வயல்வெளியில் விழுந்தது. மனைவி இறந்தார்; குழந்தைகள் படுகாயமுற்றனர். அருகிலிருந்த சிறு மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் தரத்தைக் கண்டு அவர் அதிர்ந்தார். விபத்துக்காயச் சிகிச்சையை மருத்துவர்களுக்கு முறையாகக் கற்பிக்கும் முதல் வகுப்பு 1978 இல் அங்கே பிறந்ததற்கு அந்த அனுபவமே காரணம். அதே வழியில், மருத்துவமனைக்கு வெளியே பணியாற்றும் ஊழியர்களுக்கான பயிற்சிகள் 1980களில் உருவாயின. ஏற்கெனவே மருத்துவத் தகுதி பெற்ற செவிலியர், ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், மருத்துவர் ஆகியோருக்கான உயர்நிலைப் பயிற்சிகள் இவை.

இதன் சாரம் ஒரு வரிசை. முதலில் பீறிடும் ரத்தத்தை நிறுத்து. கை கால் என்றால் இறுக்குப்பட்டை கட்டு. அடுத்து மூச்சுவழி அடைபட்டிருக்கிறதா என்று பார். அதைத் திறக்கும்போதே கழுத்து அசையாமல் பிடி. பிறகு மூச்சு: நெஞ்சுக்குள் காற்று அடைபட்டு நுரையீரலை நசுக்குகிறதா? பிறகு ரத்தவோட்டம், நினைவுநிலை. கடைசியாக உடல் முழுவதையும் பார். பார்த்த உடனே போர்த்து. உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது கெடும். ஒவ்வொரு படியிலும் கண்ட குறையைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போகாதே. சிக்கிக்கொண்டவரை மீட்க வேண்டிய நிலை இல்லையெனில், பத்து நிமிடத்துக்குமேல் அந்த இடத்தில் நிற்காதே. அருகிலுள்ள மருத்துவமனைக்கா, இந்தக் காயத்தைக் கையாளக்கூடிய மருத்துவமனைக்கா என்று முடிவெடு. வரும் செய்தியை முன்கூட்டியே சொல்.

படிக்கும்போது எளிதாகத் தோன்றுகிறது. இரவு இரண்டு மணிக்கு, மழையில், கூட்டம் கூச்சலிட, நசுங்கிய வண்டிக்குள் கைவிட்டு இதைச் செய்ய, கைகள் பலமுறை பழகியிருக்க வேண்டும். எனவேதான் இது புத்தகத்தில் முடியாமல் பயிற்சியாகிறது. எனவேதான் இடைவெளி விட்டால் மறந்தும் போகிறது.

ஒரு மருந்தையும் குறிப்பிட வேண்டும். டிரானெக்சாமிக் அமிலத்தின் ரத்தம் நிறுத்தும் ஆற்றலை 1960களின் தொடக்கத்தில் உலகுக்கு அறிவித்தவர்கள் ஜப்பானின் உடாக்கோ ஒகமோட்டோவும் அவரது கணவரும். இந்தியா உட்பட 40 நாடுகளில், 20,211 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வு, காயம்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் இம்மருந்து உயிர் காக்கிறது என்று காட்டியது. தாமதித்தால் பயனில்லை, தீங்கும் நேரலாம். காப்புரிமைக் கொள்ளையில்லாத, விலை மலிவான மருந்து. அது வண்டியில் இருக்கிறதா, இருந்தால் அதைச் செலுத்த அந்த ஊழியருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்பதே கேள்வி.

நமக்கு இது புதிதன்று

காயமடைந்தவர் மருத்துவரைத் தேடி வரும்வரை காத்திராமல் மருத்துவம் அவரைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற கருத்து, கம்யூனிஸ்ட் இயக்க வரலாற்றில் ஆழப் பதிந்தது. கனடா நாட்டு கம்யூனிஸ்டும் அறுவை மருத்துவருமான நார்மன் பெதூன், 1936 இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், சேமித்த ரத்தத்தைப் புட்டிகளில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டு சென்றார். பின்னர் சீனாவில் நடமாடும் அறுவைச் சிகிச்சைக் குழுவை நடத்தினார். கூடவே விவசாயிகளின் பிள்ளைகளுக்கு மருத்துவப் பணி கற்பித்தார். அறுவையின்போது விரலில் பட்ட கீறல் நஞ்சாகி, 1939 நவம்பர் 12 அன்று உயிர்நீத்தார். 1938 இல் இந்தியாவிலிருந்து சென்ற ஐவர் மருத்துவக் குழுவில் இருந்த சோலாப்பூரின் துவாரகநாத் கோட்னிஸ், பெதூன் பெயரிலான மருத்துவமனைக்குத் தலைமையேற்று, சிகிச்சையளித்தும் கற்பித்தும் 1942 இல் அங்கேயே மறைந்தார். தான் ஒருவன் எத்தனை பேரைக் காப்பது, நூறு பேருக்குக் கற்றுக்கொடு என்பதே அவர்கள் வாழ்ந்து காட்டிய பாடம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரின் கதையும் நமக்குரியதே. 1967 இல், அங்குள்ள கறுப்பின மக்களின் குடியிருப்பில், வேலையற்ற இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பீட்டர் சஃபார் என்ற மருத்துவர் 300 மணி நேரப் பயிற்சி அளித்தார். 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை உருவானது. காவல்துறை வண்டியில் சரக்குபோல் நோயாளிகள் ஏற்றிச் செல்லப்பட்ட காலத்தில், ஏழைகளின் தெருவுக்கு உலகத் தரமான சிகிச்சை வந்து சேர்ந்தது. அவர்களுக்குப் பயிற்சியளித்த நான்சி கரோலைன் என்ற மருத்துவர் எழுதிய பாடநூல், பின்னாளில் அந்நாட்டின் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பரவலாகப் படிக்கும் நூலாயிற்று. முடிவு என்ன? நகர நிர்வாகம் சொந்தச் சேவையைத் தொடங்கி 1975 இல் ஃப்ரீடம் ஹவுசை மூடியது. அங்கே வழிகாட்டிய கறுப்பினத் தொழிலாளர்களில் பலர் புதிய சேவையில் ஓரங்கட்டப்பட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களின் திறமை எடுத்துக்கொள்ளப்பட்டது, அவர்கள் தூக்கியெறியப்பட்டார்கள்.

108: பொதுப்பணம், ஒப்பந்த உழைப்பு

2005 ஆகஸ்ட் 15 அன்று அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கிய 108 சேவை, தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. ஊரக சுகாதார இயக்கத்தின் நிதியால் நாடெங்கும் பரவியது. அது காத்த உயிர்கள் ஏராளம். அதைக் காத்தவர்கள் அதன் ஊழியர்கள். ஆனால் பல மாநிலங்களில் பணம் அரசுடையது, நிர்வாகம் ஒப்பந்த நிறுவனத்துடையது, ஆபத்து தொழிலாளியுடையது. தமிழ்நாட்டின் 108 ஆட்சேர்ப்பு அறிவிப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: பன்னிரண்டு மணி நேரப் பணி, இரவும் பகலும் மாறி மாறி. எட்டு மணி நேர வேலைக்காக உயிர்நீத்த தியாகிகளின் மேதினத்தை நாம் கொண்டாடும் அதே நாளில், பன்னிரண்டாவது மணி நேரத்தில் இருக்கும் ஓர் உதவியாளர் யாரோ ஒருவரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நிதி ஆயோக்கும் எய்ம்ஸ் மருத்துவமனையும் இணைந்து 2021 இல் வெளியிட்ட அறிக்கை, ஆய்வு செய்த மருத்துவமனைகளில் பத்தில் ஒன்பதுக்குச் சொந்த ஆம்புலன்ஸ் உண்டு என்றது. பயிற்சி பெற்ற துணை மருத்துவ ஊழியர்களோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மருத்துவமனைகளில்தான் இருந்தார்கள். வண்டி வாங்குவது எளிது. அதற்குக் கொடியசைத்துப் படமும் எடுத்துக்கொள்ளலாம். மனிதர்களை உருவாக்குவதற்குத் திறப்பு விழா கிடையாது.

அதே ஆண்டு நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் தன் அட்டவணையில் சேர்த்தது. இத்தகைய பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரக் கல்வி வேண்டும் என்றும் கூறியது. நல்லது. சில வாரப் பயிற்சியோடு பல ஆண்டுகளாக வண்டியில் உழைத்துவரும் ஆயிரக்கணக்கானோரின் நிலை என்ன? அவர்களின் அனுபவத்தை அங்கீகரித்து, ஊதியத்தோடு படிக்கவைத்து உயர்த்தப் போகிறார்களா? தகுதியில்லை என்று சொல்லி வெளியேற்றப் போகிறார்களா? பிட்ஸ்பர்க்கின் கதை இங்கே திரும்பக் கூடாது.

சான்றிதழ் சரக்காகும்போது

வெளிநாட்டு அமைப்புகளின் பாடத்திட்டங்கள் இங்கே கட்டணத்துக்கு நடத்தப்படுகின்றன. அவற்றின் அறிவியலை நான் குறை கூறவில்லை. தில்லி எய்ம்சின் விபத்துக்காய மையம் போன்ற பொது நிறுவனங்களும் அவற்றைப் பயன்படுத்தித் தரத்தை உயர்த்தியிருக்கின்றன. சிக்கல், அறிவு விற்பனைப் பொருளாகும் இடத்தில் எழுகிறது. கட்டணம் கட்டக்கூடியவர் கற்கிறார். கற்றவர் நல்ல ஊதியம் தேடி மாநகர மருத்துவமனைக்கோ வளைகுடா நாட்டுக்கோ செல்கிறார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஒப்பந்த ஊதியத்தை மட்டும் காட்டி அவரைத் தக்கவைக்க முடியாது.

இந்த உண்மையை ஒன்றிய அரசே ஒப்புக்கொண்டது. 2021 டிசம்பரில் தேசிய அவசர உயிர்காப்புப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, நம் ஊழியர்கள் செலவு மிகுந்த வெளிநாட்டுப் பாடத்திட்டங்களையே சார்ந்திருக்கிறார்கள் என்பதைக் காரணமாகக் கூறியது. மருத்துவர், செவிலியர், துணை மருத்துவ ஊழியர் ஆகியோருக்கு உள்நாட்டிலேயே வகுக்கப்பட்ட பாடத்திட்டம் அது. நோய்க்குறி சரி. மருந்து எவ்வளவு, யாருக்கு, எப்போது? ஆம்புலன்சின் கடைசி ஒப்பந்த ஊழியருக்கும் அது சென்று சேரும்வரை அறிவிப்பு அறிவிப்பாகவே இருக்கும்.

ஓர் எதிர்வாதமும் அதன் பதிலும்

உயர்நிலைப் பயிற்சியால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறதா என்று சிலர் கேட்பதுண்டு. நேர்மையான கேள்வி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான பெரிய ஆய்வு, ஆம்புலன்ஸ் சேவையில் உயர்நிலைச் சிகிச்சையைச் சேர்த்ததால் படுகாயமுற்றோரின் இறப்பு குறையவில்லை என்று கண்டது. ஆழ்ந்த நினைவிழப்பில் இருந்தவர்களிடையே இறப்பு கூடியதாகவும் கண்டது. சாலையோரத்தில் குழாய் செருகுவதிலும் ஊசி ஏற்றுவதிலும் நேரத்தைக் கழிப்பது தீங்காகலாம் என்ற எச்சரிக்கை இது.

இதற்கு மறுபுறமும் உண்டு. வடக்கு ஈராக்கிலும் கம்போடியாவிலும், கண்ணிவெடி விதைக்கப்பட்ட கிராமங்களில், நார்வே மருத்துவர் ஹான்ஸ் ஹுசூம் தலைமையில் 1997 முதல் 2001 வரை ஒரு முயற்சி நடந்தது. உள்ளூர் மருத்துவ உதவியாளர்கள் 135 பேருக்கு உயர்நிலைப் பயிற்சி. சாதாரணக் கிராமத்தினர் 5,200 பேருக்கு முதலுதவிப் பயிற்சி. காயமுற்றோரின் இறப்பு விகிதம் 40 விழுக்காட்டிலிருந்து 14.9 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருந்த ஊர்கள் அவை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாடம் தெளிவு. விலையுயர்ந்த கருவியும் கூடுதல் ஊசியும் தாமாக உயிர் காப்பதில்லை. எதைச் செய்வது என்பதோடு எதைச் செய்யாமல் கிளம்புவது என்றும் தெரிந்த ஊழியர் காக்கிறார். அவர் வரும்வரை ரத்தத்தை அழுத்திப் பிடித்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் காக்கிறார். இருவரையும் ஒரே சங்கிலியில் கோக்கும் பொதுச் சுகாதார அமைப்பு காக்கிறது. 2023 ஜூனில் பாலசோர் ரயில் விபத்து நடந்த இரவில், கவிழ்ந்த பெட்டிகளுக்குள் முதலில் நுழைந்தவர்கள் அக்கம்பக்கத்து மக்கள்தாம். மக்கள் எப்போதும் முதலில் வருகிறார்கள். அவர்களை வெறுங்கையோடு வரவிடுவது அரசின் தவறு.

நாம் கேட்க வேண்டியவை

இதை மருத்துவ நிபுணர்களின் விவகாரம் என்று ஒதுக்காமல், தொழிற்சங்கக் கோரிக்கையாகவும் மக்கள் கோரிக்கையாகவும் நாம் எடுத்தாக வேண்டும்.

முதலாவது, ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், ஓட்டுநர், அவசரப் பிரிவுச் செவிலியர் அனைவருக்கும் விபத்துக்காய உயர்நிலைப் பயிற்சி, அரசுச் செலவில், ஊதியத்தோடு கூடிய பணிநேரத்தில் அளிக்கப்பட வேண்டும். குறித்த இடைவெளியில் மறுபயிற்சியும் அவ்வாறே. பயிற்சி அவரவர் தாய்மொழியில் நடக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாததால் ஒரு நல்ல கை வீணாகக் கூடாது.

இரண்டாவது, ஒப்பந்த முறை ஒழிந்து, ஆம்புலன்ஸ் சேவை பொதுச் சுகாதாரத் துறையின் நிரந்தரப் பணியாக வேண்டும். எட்டு மணி நேர வேலை உறுதியாக வேண்டும்.

மூன்றாவது, பயிற்சி பெற்றவர் வண்டியில் எந்த மருந்தைக் கொடுக்கலாம், எந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்பது சட்டப்படி வரையறுக்கப்பட வேண்டும். கற்றுக்கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிப்போடுவதில் பொருளில்லை. நீண்ட காலம் பணியாற்றியவர்களின் அனுபவத்துக்குப் புதிய சட்டத்தின்கீழ் அங்கீகாரம் வேண்டும்.

நான்காவது, கட்டணமில்லாச் சிகிச்சை என்பது விபத்து நடந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். அதற்கான நிதி ஆம்புலன்சுக்கும் பயிற்சிக்கும் சென்று சேர வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை நமக்கு நாமே விடுப்பது. ஆட்டோ, லாரி, கட்டுமானம், விநியோகம் ஆகிய துறைகளின் சங்கங்களிலும், இளைஞர், மாதர் அமைப்புகளிலும் நம் தோழர்கள் இருக்கிறார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் நம்மிடையே உண்டு. கிளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும். ரத்தத்தை அழுத்தி நிறுத்துவதையும், கழுத்தை அசையாமல் பிடிப்பதையும், 108 ஐ அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்வதையும் அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். கோரிக்கை அட்டையை உயர்த்தும் கை இதையும் தெரிந்திருப்பது நல்லது.

என் செவிலியத் தோழர் சென்ற மாதம் எங்கள் பகுதிக் கிளைக் கூட்டத்தில் இதைத் தொடங்கிவைத்தார். ஐம்பதைக் கடந்த நானும் தரையில் மண்டியிட்டு, படுத்திருந்த ஒரு தோழரின் தலையை இரு கைகளாலும் பிடித்துக் கற்றுக்கொண்டேன். அந்த மாலையில் அந்த இளைஞருக்குச் செய்யத் தவறியதை அது திருப்பித் தரப்போவதில்லை. அடுத்தவருக்காவது தலையைப் பிடிக்க ஓர் ஆள் இருக்கட்டும். அவரிடம் வந்து சேரும் வண்டியில், கற்ற கையும் களைப்பற்ற உடலும் நிரந்தர வேலையும் கொண்ட ஒரு தொழிலாளி இருக்கட்டும். அதற்காகப் போராடுவோம்.